ப்ரோவில் பிரபு பிடித்த கைதி

எங்கள் எமலோ அண்ணி கண்ணை மூடுகிறவரை ப்ரோவில் பிரபுவின் கைதியாகவே இருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வடகரைக் கோட்டையின் கட்டியக்காரனைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்: முறைப்படி பிடிபட்ட போர்க்கைதி, முறைப்படி யாரும் விடுவிக்கவில்லை, ஓடிப்போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியில் உலவுகிறாள். உலவுவது என்றால் இங்கேதான், சோம் ஆறு கடலில் விழுகிற இந்தச் சேற்றுக் கரையில், எங்கள் குப்பத்தில். சேற்றில் மட்டிச் சிப்பி அள்ளினாள், சந்தையில் அளக்கிறவனோடு சண்டை போட்டாள், ஞாயிறு பூசையில் தூங்கினாள். கொள்ளைக்கு வந்த குதிரைக்காரர்கள் கதவைத் தட்டினால், தான் ப்ரோவில் பிரபுவின் சொத்து என்றும், தொட்டால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொல்வாள். வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வீடு என்னுடையது. அதனால் இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அவள் என் அண்ணன் ஜாக்மாரின் மனைவி. குள்ளம், தடித்த கெண்டைக்கால், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவாள். அவள் வைக்கிற பட்டாணிக் கஞ்சியை எங்கள் நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் என் அண்ணனைச் சமாளிக்க அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. ஜாக்மாருக்கு வாதம் செய்யாமல் இருக்க வராது. கல்யாணத்தன்று, சாகும்வரை கூட இருப்பாயா என்று சாமியார் கேட்க, யார் முதலில் சாவார்கள் என்று தெரியாமல் எப்படி வாக்குக் கொடுப்பது என்று ஆரம்பித்துவிட்டான். அண்ணி அவன் காலை ஒரு மிதி மிதித்தாள். சம்மதம் என்றான். அப்படித்தான் அந்தக் குடும்பம் நடந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தென்கரை கோமகனுக்கு, வடகரை ராஜாவுக்கு. இரண்டு பக்கத்துத் தளபதிகளும் பிரெஞ்சுப் பிரபுக்கள்தான், ஒருவருக்கொருவர் மைத்துனன், சித்தப்பன் என்று ஏதாவது முறை இருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், யார் வந்தாலும் முதலில் கோழியைத்தான் பிடிப்பார்கள். அந்த இலையுதிர்காலத்தில் கோமகனின் ஆட்கள் வந்து, கழுத்தில் கத்தியை வைத்து, ஆற்று முகத்தின் மணல்வழியே தங்களை அக்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஜாக்மார் கூட்டிப்போனான். அவர்கள் அங்கே மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு வழியாகப் போய்விட்டார்கள். தனியாகத் திரும்பிய என் அண்ணன் வடகரைத் தளபதி ப்ரோவில் பிரபுவின் வில்லாளிகளிடம் மாட்டிக்கொண்டான். எதிரிக்கு வழிகாட்டியவன் என்று தீர்ப்பானது. புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் உச்சிவேளையில் தூக்கு.

செய்தி கேட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி அழவில்லை. மட்டிக் கூடையையும் முள்வாரியையும் சேற்றில் இழுக்கிற பலகையையும் எடுத்து வைத்தாள். அவள் திட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. தூக்கு நாள் காலையில் கடல் ஓதம் வற்றியதும் மணலில் நடந்து அக்கரை போவது, மட்டி விற்கிற சாக்கில் கோட்டைக்குள் நுழைவது, பிரபுவின் காலில் விழுவது. வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. கூடப் போனேன்.

முந்தின நாள் கோட்டையில் புனித மார்ட்டின் திருநாள் விருந்தில் நடந்தது எங்களுக்கு அப்போது தெரியாது, பிற்பாடு அங்கே சமையற்கட்டில் இருந்த பெண்கள் சொன்னார்கள். பொரித்த வாத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்ததும், பெரிய மனிதர்கள் அதன்மேல் கைவைத்துச் சபதம் செய்வது வழக்கம். பிரபுவுக்கு அடுத்த நிலையில் இருந்த, இரு கரையும் அறிந்த ரெனியே எழுந்து, மறுநாள் ஓதம் திரும்புமுன் தென்கரை ஊர்வாசலில் தன் ஈட்டியால் ஒரு குத்துக் குத்திவிட்டு வருவேன் என்று வாத்தின்மேல் சத்தியம் செய்தான். தளபதி சும்மா இருக்க முடியுமா? ரெனியேவுக்கு முன்னால் நான் குத்துவேன் என்று அவரும் கைவைத்தார். முந்நூறு பேருக்குத் தலைவர், ஐம்பது வயது, ஒரு வாத்துக்காகத் தலை முதல் கால்வரை இரும்பை மாட்டிக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக மணலில் இறங்கினார். பிரபுக்கள் என்றால் எனக்கு ஏன் ஆகாது என்று இப்போது புரிந்திருக்கும்.

நாங்கள் பாதி மணலைக் கடந்தபோது மூடுபனி கலையத் தொடங்கியிருந்தது. முன்னால் எங்கோ ஒரு மனிதக் குரல். காப்பாற்று என்றோ ஐயோ என்றோ இல்லை. "ப்ரோவில்! ப்ரோவில்!" என்று போர் முழக்கம். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் முழக்கம். படை வருகிறது என்று நான் பயந்து அண்ணியின் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"படைன்னா குதிரைச் சத்தம் கேக்குமேடி. இது ஒத்த ஆளு."

ஒற்றை ஆள்தான். தொடைவரை புதைமணலில் செருகிக்கொண்டு, மேல்சட்டையில் ப்ரோவில் குடும்பச் சின்னமான மூன்று கறுப்புப் பறவைகள் தெரிய, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். குதிரை அவரைத் தள்ளிவிட்டு எப்படியோ எகிறிக் கரையேறி ஓடிவிட்டது. ரெனியே ஈர மணலைக் கண்டதும் திரும்பிப் போயிருந்தான். காலில் விழலாம் என்று வந்தோம், கால் மணலுக்குள் இருந்தது.

எங்களைக் கண்டதும் கேட்டார், "எந்தப் பக்கத்து ஆளுங்க நீங்க?"

"மட்டிப் பக்கம்," என்றாள் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பள்ளங்களில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. எங்கள் கடல் கரையைத் தேடி மெதுவாக வருகிற கடல் அல்ல, ஓடுகிற குதிரை அதனிடம் தோற்கும். அண்ணி சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். தன் பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், அவனை விட்டுவிடுவதாக ஒரு வார்த்தை கொடுத்தால் இப்போதே தூக்கிவிடுவதாகச் சொன்னாள்.

"மிரட்டி வாங்கற வார்த்தை வார்த்தையே இல்ல. குடுத்தா எனக்குத்தான் அவமானம்."

"நான் எங்க மிரட்டறேன்? கடல்தான் மிரட்டுது."

அண்ணி பலகையை மணல்மேல் தள்ளி, அதன்மேல் மண்டியிட்டு அவர் அருகே போனாள். பெரிய மனிதர்கள் போரில் சரணடைவது எப்படி என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வலது கையுறையைக் கழற்றி ஜெயித்தவரிடம் கொடுத்தால் தீர்ந்தது, அதன்பின் உயிருக்கு அவர் பொறுப்பு. அண்ணி அதைத்தான் கேட்டாள். "கையுறையக் குடுங்க பிரபு. நீங்க என் கைதி. உங்களக் குடுத்து அவர வாங்கிக்கறேன். நாயமான மாத்து."

பிரபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பூசைக்குரிய அக்கறையோடு கேட்டார், "நீ உயர்குடியா?"

"எங்கப்பா உப்புக் காய்ச்சறவரு."

"அப்ப முடியாது."

முடியாதாம். தண்ணீர் அவர் தொடையை நக்கிக்கொண்டிருந்தது, மனிதர் நிதானமாக விளக்கம் சொன்னார். கீழ்க்குடியில் பிறந்தவளுக்குக் கையுறை கொடுத்த பிரபுவோடு வேறெந்தப் பிரபுவும் ஒரு மேசையில் உட்கார மாட்டானாம். அந்தக் களங்கம் பிள்ளைகளையும் தொடருமாம். அவளே ஆணாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியால் தோளைத் தட்டி வீரப்பட்டம் கொடுத்து, அப்புறம் அவனிடம் முறையாகச் சரணடைந்திருக்கலாம், முன்பும் அப்படி நடந்திருக்கிறது என்றார். "என்ன பண்றது, நீ பொம்பளையாப் போயிட்ட," என்று வருத்தப்பட்டார், என்னவோ அவள் வேண்டுமென்றே செய்துவிட்ட மாதிரி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். "விடுங்க அண்ணி, முங்கட்டும். நாம போலாம்," என்றேன்.

"இந்த ஆளு முங்கினா அந்த ரெனியே உச்சிவேளை வரைக்கும் காத்திருப்பானாடி? வாய மூடு, யோசிக்க விடு."

யோசித்தாள். எமலோ அண்ணி யோசிப்பது வெளியே தெரியும், கீழுதடு பிதுங்கும். என் கணுக்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது. பிரபு கண்ணை மூடிச் செபம் சொல்ல ஆரம்பித்தார், லத்தீனில், தப்பும் தவறுமாக. இந்த மனிதரோடு சேர்ந்து என் அண்ணனும் போகப்போகிறான் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

திடீரென்று அண்ணி தன் வலது கையுறையைக் கழற்றினாள். சாம்பல்நிறக் கம்பளிக் கையுறை, மட்டி பொறுக்க வசதியாக விரல்நுனிகளை வெட்டினது, சேறு அப்பினது. அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிரபுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அப்ப நான் உங்ககிட்ட சரணடையறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். செபம் பாதியில் நின்றுபோனது.

"கீழ்க்குடிக்காரங்க உங்ககிட்ட சரணடையக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார், நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். கையை நீட்டிக் கையுறையை வாங்கி, கழுத்துப் பட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"சரி, இப்ப நான் உங்க கைதி. சொன்னபடி கேக்கணும். என்ன பண்ணணும்னு உத்தரவு போடுங்க."

ப்ரோவில் பிரபு நெஞ்சை நிமிர்த்தினார். முந்நூறு பேருக்கு ஆணையிடுகிற அந்தக் குரலில் சொன்னார், "என்னைத் தூக்கு."

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பலகையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்து மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். பெண்கள் முன்னால் படுப்பதா என்று தயங்கினார். கைதி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, நெற்றியில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். மட்டி வெட்டும் கத்தியால் கால் கவசத்தின் வார்களை மணலுக்குள் கைவிட்டுத் தடவித் தடவி அறுத்தாள். முள்வாரியை அக்குளில் கொடுத்து நான் இழுக்க, அவள் காலை ஆட்டி ஆட்டித் தண்ணீர் உள்ளே போக வழிசெய்ய, முதலில் ஒரு கால் வந்தது, பிறகு மற்றது. கால் கவசமும் காலணியும் மணலுக்கே சொந்தமாகின. வெறுங்காலோடு, உடம்பெல்லாம் சேறாக, மார்பில் மட்டும் இரும்போடு எழுந்து நின்ற மனிதரைக் கண்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவர் முறைத்தார். அதற்குள் வடகரையிலிருந்து கோட்டை மணி கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக விழுந்தது.

"சாவு மணி," என்றார் பிரபு. "குதிரை தனியாப் போயிருக்கு. நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டாங்க."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் செத்தார் என்றால் வழிகாட்டியின் ஊர்க்காரர்கள் கொன்றார்கள் என்றுதான் ரெனியே சொல்வான். பழிக்கு யார் கைவசம் இருக்கிறான்? மூன்று பேரும் ஓடினோம். பின்னால் கடல், முன்னால் மணி. ஒரு பள்ளத்தில் இடுப்புவரை தண்ணீர், அதில் பிரபு வழுக்கி விழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ராஜாவின் தளபதி என் தோளில். அந்த நிமிடம் அது எனக்கு உறைக்கவே இல்லை, ஓடு ஓடு என்று அவரையே அதட்டினேன்.

கோட்டை வாசலுக்கு வெளியே தூக்குமரம் தெரிந்தது. ஏணி சாய்த்திருந்தது. ஏணியின்மேல் என் அண்ணன், கை பின்னால் கட்டி, கழுத்தில் கயிறு. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கிட்டே போகப்போக ஒரு சத்தம் கேட்டது. கடவுளே, அவன் சாமியாரோடு வாதம் செய்துகொண்டிருந்தான். பிரபுவைக் கொல்ல உடந்தையாக இருந்ததாகப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்கிறார் சாமியார். செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொன்னால் அது பொய், பொய் சொல்வது பாவம், சாகப்போகிற நேரத்தில் ஏன் சாமி என்னைப் பாவம் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறான் இவன். சாமியார் விடை தேடிக்கொண்டிருந்தார். ரெனியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த வாயை எத்தனை முறை சபித்திருக்கிறேன்! அன்றைக்கு அதை முத்தமிட்டிருப்பேன்.

"நிறுத்து," என்றார் பிரபு.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வில்லாளிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு அவர்கள் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, அந்த வெறுங்காலில் வந்து நின்றது. யாரோ ஒருவன் இருமலைப் போல ஒரு சத்தம் எழுப்பினான். ரெனியே முன்னால் வந்தான். பிரபு உயிரோடு இருப்பதில் அவனுக்குச் சந்தோஷம்தான், ஆனால் சேற்றையும் எங்களையும் மாறிமாறிப் பார்க்கும்போது உதட்டோரம் ஒரு வளைவு ஓடியது. என்ன நடந்தது என்று பணிவாகக் கேட்டான். அந்தப் பணிவுதான் விஷம்.

பிரபுவின் காது சிவந்தது. கழுத்துப் பட்டையிலிருந்து கம்பளிக் கையுறையை உருவி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார். "மணல்ல ஒரு கைதியப் பிடிச்சேன். கையுறை குடுத்து முறையாச் சரணடைஞ்சிட்டா. என் பாதுகாப்புல இருக்கா."

"இந்த மட்டிக்காரியா?" என்றான் ரெனியே. "இவ யாருன்னு தெரியுமா? மேல நிக்கறானே, அவன் பொண்டாட்டி. ரெண்டு பேரையும் சேர்த்தே மாட்டிடலாம்."

பிரபு கையுறையைப் பார்த்தார். கையுறை கொடுத்தவளைத் தொங்கவிட்டால் அவர் வார்த்தை என்ன ஆவது? எமலோ அண்ணி அந்த நிமிடத்தை நழுவவிடவில்லை. இடது கையுறையையும் கழற்றினாள். நேராக ஏணியடிக்குப் போனாள்.

"பிரபு, என் வீட்டுக்காரரும் உங்ககிட்ட சரணடையணும்னு நிக்கறாரு. கை கட்டியிருக்கு, அதான் குடுக்க முடியல."

அவன் போர்வீரன் அல்ல, துரோகி, துரோகிக்கு ஏது சரணாகதி என்று ரெனியே குறுக்கிட்டான். அண்ணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரபுவை மட்டும் பார்த்தாள்.

"என்னை ஏத்துக்கிட்டீங்களே. நான் மட்டும் எந்தப் போர்ல வாள் பிடிச்சேன்? நான் கைதின்னா அவரும் கைதி. அவரு இல்லைன்னா நானும் இல்ல. நான் கைதி இல்லைன்னா, மணல்ல என்ன நடந்துச்சுன்னு இவங்கெல்லாம் கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?"

குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பிரபு அவளையே பார்த்தார். முந்நூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"கட்டை அவுத்து விடுங்க," என்றார்.

அவிழ்த்தார்கள். அண்ணி ஏணியில் இரண்டு படி ஏறி, இடது கையுறையை ஜாக்மாரின் கையில் திணித்தாள். கழுத்தில் கயிறோடு அவன் அதைப் பார்த்தான், பிரபுவைப் பார்த்தான், பிறகு வாயைத் திறந்தான். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று.

"நான் எதுக்குச் சரணடையணும்? நான் சண்டையே போடலையே? சண்டை போடாதவன் சரணடைஞ்சா அது..."

மிதிக்க அவன் கால் எட்டவில்லை, அண்ணி கெண்டைச்சதையில் நறுக்கென்று ஒரு கிள்ளுக் கிள்ளினாள். "கையுறையக் குடுய்யா."

கொடுத்தான். பிரபு அதை வாங்கி, மற்றதோடு சேர்த்துக் கழுத்துப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, வெறுங்கால் சேற்றில் சப்சப்பென்று ஒலிக்கக் கோட்டைக்குள் போனார். முதுகு கோல்மாதிரி நிமிர்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்தார்கள். என் அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினான், கால் தரையில் பட்டதும் தள்ளாடினான், நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், சிரித்தேன், அவனைத் திட்டினேன், எது முதலில் என்று தெரியவில்லை.

அவன் என்னை விலக்கிவிட்டு அண்ணியிடம் போனான். நன்றி சொல்லத் தெரியாதவன். அவள் கைகளை எடுத்துப் பார்த்தான். நீலம் பாரித்து, மணல் கிழித்த கீறல்களோடு, விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன. இரண்டையும் தன் சட்டைக்குள் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"தூக்குல நின்னவன் நானு," என்றான். "உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள், இரண்டு கைதிகளும் உள்ளே வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று வில்லாளிகள் கத்துகிறவரை, அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.